ரேகை என்னும் சாட்சி

கைப்பேசியை இயக்கியதும் அதன் திரையில் ஒளி பரவி, சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும் அந்தச் சில விநாடிகளுக்குள், நம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதபடி ஆகாய மார்க்கத்தில் ஒரு விசாரணையும் அதற்கான விடையும் நிகழ்ந்து முடிந்துவிடுகின்றன. தொலைபேசி நிறுவனத்தின் கணினி, எவரும் முன்கூட்டி ஊகிக்க இயலாத 128 பிட் நீளமுள்ள ஓர் எண்ணை அனுப்புகிறது. சிம் கார்டு, தன்னுள் பதித்து வைக்கப்பட்டிருக்கும் இன்னொரு 128 பிட் ரகசிய எண்ணோடு அதைச் சேர்த்துக் கணக்கிட்டு, 32 பிட் நீளமுள்ள விடையொன்றைத் திருப்பி அனுப்புகிறது. அந்த ரகசிய எண்ணின் பிரதியைத் தன் காப்பகத்தில் வைத்திருக்கும் நிறுவனம், தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டு விடைகளும் ஒத்திருந்தால் அந்தக் கார்டைத் தன் சந்தாதாரருடையதென ஏற்றுக்கொள்கிறது. 1991-இல் பின்லாந்து தேசத்தில் முதல் அழைப்பு நிகழ்ந்த ஜி.எஸ்.எம். முறையின் ஏற்பாடு இது. ரகசிய எண் ஒருபோதும் காற்றில் பயணம் செய்வதில்லை என்பதே இதன் மேன்மை. வழியில் ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைப்பவை ஒரு கேள்வியும் ஒரு பதிலுமேயன்றி, அடுத்த கேள்விக்கு விடை சொல்லவல்ல திறவுகோல் அன்று. கார்டு தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தபோதிலும் நிறுவனத்தின் கோபுரம் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை என்ற குறை அந்த முறையில் இருந்தது. போலிக் கோபுரங்களுக்கு இடங்கொடுத்த அக்குறையை, மூன்றாம் தலைமுறை வந்தபோது, இரு தரப்பும் ஒன்றையொன்று சோதித்துக்கொள்ளும்படி செய்து திருத்தினார்கள்.

ஆயினும் இத்தனை நுட்பமான விசாரணையும் நிரூபிப்பது இன்ன சிம் கார்டு இங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. அந்தக் கார்டைத் தாங்கிய கருவி உரிய மனிதரின் கையில் இருக்கிறதா, பேருந்து நிலையத்தில் அதை அபகரித்துக்கொண்டு போனவர் கையில் இருக்கிறதா என்பது வலைப்பின்னலுக்குத் தெரியாது. கைப்பேசி பேசுவதற்கு மட்டும் உதவிய காலத்தில் இந்த அறியாமையால் விளையக்கூடிய நஷ்டம் ஒரு மாதத்துக் கட்டணத்தோடு போயிற்று. இன்றோ ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கும், மருத்துவச் சீட்டும், அந்தரங்கக் கடிதங்களும், மாதாந்தரச் சம்பளமும் அந்தக் கண்ணாடிப் பலகைக்குள் குடியேறியிருக்கின்றன. அவற்றுக்குக் காவலாக வைக்கப்பட்ட நான்கிலக்க எண்ணோ மொத்தம் 10,000 வகைகளுக்குள் அடங்கிவிடுவது. அதிலும் பிறந்த வருஷத்தையோ, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்பதையோ வைத்துக்கொள்வோர் அநேகர். ஆகையால்தான் மறக்கவும் தொலைக்கவும் முடியாததொரு அடையாளத்தைத் தேடிய விஞ்ஞானிகளின் பார்வை, மனிதனுடைய சரீரத்தின்மேல் சென்றது.

சரீரத்தை அடையாளமாகக் கொள்ளும் யோசனைக்கும் நமது தேசத்துக்கும் உள்ள பந்தம் பழமையானது. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரக்கு அளிக்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரிடம், பத்திரத்தின் பின்புறத்தில் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்துப் பதிக்கச் சொன்னார். பிற்பாடு 'இது என் கையெழுத்தன்று' என்று சொல்லக் கோனாய்க்கு மனம் துணியாதிருக்கவே ஹெர்ஷல் அப்படிச் செய்தார். அந்த முயற்சி பெருகி வளர்ந்து, 1897-இல் கல்கத்தாவில் உலகத்தின் முதல் விரல் ரேகைக் காரியாலயம் ஏற்பட்டது. எட்வர்ட் ஹென்றியின் பெயரால் வழங்கும் ரேகை வகைப்பாட்டு முறையை உருவாக்கியதில் அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்திய உத்தியோகஸ்தர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும், அவர்களுடைய பெயர்கள் வெகுகாலம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தன என்பதையும் சொல்லாமல் போவது நியாயமாகாது. அதே கல்கத்தாவிலிருந்துதான் 1995 ஜூலை 31-ஆம் தேதியன்று, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்து, இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடலை நிகழ்த்தினார்.

ரேகையை யந்திரம் எப்படி வாசிக்கிறது? விரல் நுனியில் மேடுகளும் பள்ளங்களுமாக ஓடும் கோடுகள் சில இடங்களில் திடீரென்று முடிகின்றன. சில இடங்களில் ஒன்று இரண்டாகப் பிரிகின்றன. இந்த முடிவுகளும் பிரிவுகளும் எங்கெங்கே, எந்தெந்தத் திசை நோக்கி அமைந்திருக்கின்றன என்பதே ரேகையின் முகவரி. கைப்பேசிக் கருவிகளில் ஒரு வகை, தோலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள மின்தேக்க வேறுபாட்டை அளந்து அதைக் கண்டறிகிறது. வேறு சில, திரைக்கு அடியிலிருந்து ஒளியையோ, செவிக்கு எட்டாத ஒலியலையையோ செலுத்தி அறிகின்றன. முகத்தை அறியும் முறையில், 2017-இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ் கருவி, கண்ணுக்குப் புலப்படாத முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின்மேல் தூவி, மூக்கின் உயரத்தையும் கன்னத்தின் வளைவையும் அளந்தது. கருவிழியைக் கொண்டு ஆளை அறிவதற்கு வேண்டிய கணிதத்தைக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் ஜான் டாக்மன் வகுத்தளித்தார். அவர் முறைப்படி ஒரு கண்ணின் சித்திரம் 2,048 பிட்டுகளாகச் சுருங்குகிறது.

இங்கேதான் விஷயத்தின் மையமான சிக்கல் தலைகாட்டுகிறது. ஒரே விரலை இரண்டு தடவை வைத்தால் இரண்டு பதிவுகளும் ஒருபோதும் அட்சரம் பிசகாமல் ஒத்திருப்பதில்லை. ஒரு தடவை சற்றே சாய்வாக வைக்கிறோம், இன்னொரு தடவை அழுத்தி வைக்கிறோம், வேர்வை இருக்கிறது, வறட்சி இருக்கிறது. ஆகவே யந்திரம் 'இது அதுவே' என்று சொல்வதில்லை. 'இது அதைப் போதுமான அளவு ஒத்திருக்கிறது' என்றே சொல்கிறது. எவ்வளவு ஒத்திருந்தால் போதும் என்பதை நிர்ணயிப்பது மனிதனுடைய வேலை. சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கினால் குருணையும் உள்ளே வருகிறது, சிறிதாக்கினால் நல்ல அரிசியும் வெளியே நின்றுவிடுகிறது. அதுபோலவே, அந்நியரை அனுமதிக்கும் பிழையைக் குறைக்கும்போதெல்லாம் உரியவரை மறுக்கும் பிழை கூடிக்கொண்டே போகிறது. தன் ரேகைக் கருவி, பதிவான ஒரு விரலுக்குப் பதிலாக முன்பின் தெரியாத ஒருவரின் விரலை ஏற்கக்கூடிய வாய்ப்பு 50,000-இல் ஒன்று என்றும், முகத்தை அறியும் முறையில் அது பத்து லட்சத்தில் ஒன்று என்றும் ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. ஒரு கைப்பேசிக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் அதே 50,000-இல் ஒன்று என்ற கணக்கோடு, 130 கோடிப் பேருடைய பதிவுகளில் ஒருவரைத் தேடப் புகுந்தால், தற்செயலாகப் பொருந்துவோரே 26,000 பேர் தேறுவார்கள். ஆதார் பதிவின்போது பத்து விரல்களையும் இரண்டு கருவிழிகளையும் ஏன் கேட்டார்கள் என்பதற்கும், அன்றாடச் சரிபார்ப்பில் முதலில் எண்ணைச் சொல்லச் சொல்லிப் பிறகே விரலை ஏன் வைக்கச் சொல்கிறார்கள் என்பதற்கும் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஒவ்வொரு தடவையும் பதிவு சற்றே மாறுகிறது என்பதிலிருந்து இன்னொரு தொல்லையும் பிறக்கிறது. கடவுச்சொல்லை எந்த நல்ல ஸ்தாபனமும் அப்படியே எழுதி வைப்பதில்லை. திரும்ப அவிழ்க்க முடியாத ஒரு கணித முடிச்சாக மாற்றி வைக்கிறது. நாம் மறுபடி சொல்லும்போது அதையும் அதே முடிச்சாக்கி ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் முடிச்சு முற்றிலும் வேறாகிவிடும் என்பதே அம்முறையின் பலம். மாறிக்கொண்டே இருக்கும் ரேகைக்கு அந்தப் பலமே விரோதமாகிறது. இந்த முட்டுக்கட்டையை நீக்க 2002-இல் ஆரி ஜூல்ஸ் என்பவரும், சென்னையில் பிறந்த கணித மேதையான மது சூதனும் சேர்ந்து முன்வைத்த உபாயம் மிகவும் அழகானது. ஒரு ரகசிய எண்ணை ஒரு வளைகோடாக வரைந்து, ரேகையின் புள்ளிகள் அமைந்த இடங்களில் அந்தக் கோட்டின்மேல் சில புள்ளிகளைக் குறித்து, அவற்றைச் சுற்றிலும் ஏராளமான பொய்ப் புள்ளிகளைத் தூவிவிட்டால், ரேகைக்கு உரியவரைத் தவிர வேறெவருக்கும் மெய்ப்புள்ளி எது, பொய்ப்புள்ளி எது என்று பிரித்தறிய இயலாது. உரியவர் கொண்டுவரும் ரேகையில் சில புள்ளிகள் தவறிப்போனாலும், மிஞ்சியவற்றைக் கொண்டே வளைகோட்டை மீண்டும் வரைந்துவிடலாம். தவறியவற்றைச் சரிக்கட்டும் அந்தக் கணிதம் ரீட், சாலமன் என்ற இருவர் 1960-இல் வகுத்த பிழைதிருத்தக் குறியீடாகும். விண்வெளிக் கலங்கள் அனுப்பும் தொலைதூரச் செய்திகளில் இரைச்சலால் சிதைந்த பகுதிகளை மீட்டுத் தருவதும் அந்த வகைக் கணிதமே. ஆகாயத்தின் இரைச்சலும் விரல் நுனியின் வேர்வையும் ஒரே கணித சாஸ்திரத்தின் முன் ஒரே ஜாதியைச் சேர்ந்த பிழைகளாகி நிற்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பேரானந்தம் உண்டாகிறது. ஜூல்ஸும் சூதனும் தம் உபாயத்தை முன்வைப்பதற்கு ஒரு வருஷம் முன்பே, ஐ.பி.எம். ஆய்வாளர் நளினி ரத்தாவும் அவருடைய சகாக்களும், ரேகையைக் குறிப்பிட்டதொரு விதத்தில் வேண்டுமென்றே கோணலாக்கிச் சேமித்து, களவு போனால் கோணலை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழியைச் சொல்லியிருந்தார்கள். இவையெல்லாம் ஆராய்ச்சி ஏடுகளில் பெற்ற கௌரவத்தை நடைமுறையில் இன்னும் முழுமையாகப் பெறவில்லை. கைப்பேசிகள் பெரும்பாலும் தனித்துப் பூட்டப்பட்ட சில்லையே நம்பியிருக்கின்றன.

ரேகையைப் பற்றி ஜனங்களிடையே நிலவும் தப்பெண்ணங்களில் பெரியது, அது ஒரு ரகசியம் என்பதுதான். தொட்ட தம்ளரிலும், கதவின் பிடியிலும், கைப்பேசியின் கண்ணாடியிலுமே நாம் விட்டுச் செல்லும் ஒன்று எப்படி ரகசியமாக முடியும்? 2002-இல் ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மட்சுமோட்டோ, மிட்டாய் செய்ய உதவும் ஜெலட்டினைக் கொண்டு போலி விரல்கள் வார்த்து, பரிசோதித்த பதினொரு கருவிகளையும் ஏமாற்றிக் காட்டினார். 2013 செப்டம்பரில் ரேகைக் கருவியுடன் ஐபோன் 5எஸ் விற்பனைக்கு வந்த சில தினங்களுக்குள், ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பைச் சேர்ந்தவர்கள், கண்ணாடிமேல் பதிந்திருந்த ரேகையைப் படமெடுத்துப் போலி செய்து அதைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டின் இறுதியில், தூரத்திலிருந்து எடுத்த புகைப்படங்களைக் கொண்டே அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரின் கட்டைவிரல் ரேகையை மீட்டுவிட்டதாக அறிவித்தார்கள். நம் நாட்டில் இவ்வளவு பிரயாசையும் தேவைப்படவில்லை. நிலப் பத்திரங்களில் விற்பவரும் வாங்குபவரும் வைத்த ரேகைகள் பத்திர நகல்களோடு இணையத்தில் கிடைத்தன. 2018-இல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்பவர் ஒருவர், அந்த ரேகைகளை ரப்பர் அச்சுகளாக்கி, பிறர் பெயரில் ஏராளமான சிம் கார்டுகளுக்கு உயிர் கொடுத்ததாகப் போலீசார் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு அதே உபாயத்தால், ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில், பல மாநிலங்களில் ஏழைகளின் கணக்குகளிலிருந்து பணம் களவாடப்பட்டது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்றிக்கொள்ள முடியாது. 2015-இல் அமெரிக்க அரசாங்கத்தின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து களவு போன 56 லட்சம் பேருடைய ரேகைகள், அவர்களுடைய ஆயுட்காலம் முழுவதும் களவு போனவையாகவே இருக்கும்.

அப்படியாயின் ரேகையை விட்டுவிட வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். ரேகை ரகசியம் அன்று, சாட்சி. சாட்சியின் மதிப்பு, அதை விசாரிப்பவர் எவர், எந்த இடத்தில், எவ்வளவு விழிப்புடன் விசாரிக்கிறார் என்பதைப் பொறுத்தது. நம் சொந்தக் கைப்பேசியில் ரேகை வைக்கும்போது, நல்ல கருவியாயின், அந்தச் சித்திரம் வெளியே எங்கும் போவதில்லை. கருவிக்குள் தனித்துப் பூட்டப்பட்டிருக்கும் ஒரு பகுதியிலேயே ஒப்பிடப்படுகிறது. ஒப்புமை சரியென்று கண்டதும், அங்கே உறங்கிக்கொண்டிருந்த ஒரு ரகசியத் திறவுகோல் விழித்தெழுந்து, வங்கியின் கணினி அனுப்பிய கேள்விக்கு விடையெழுதிக் கையொப்பமிடுகிறது. காற்றில் போவது அந்தக் கையொப்பம் மட்டுமே. 2013-இல் பகிரங்கமாகத் தொடங்கிய ஃபைடோ கூட்டமைப்பு உலகெங்கும் பரப்பிவரும் முறை இது. பாஸ்கீ என்ற பெயரில் இப்போது நம் செயலிகளில் எட்டிப்பார்ப்பதும் இதுவே. சிம் கார்டு தன் ரகசியத்தை வெளியிடாமலே தன்னை நிரூபித்ததல்லவா? அந்தப் பழைய நாணயமான முறையில், அதுவரை வெற்றிடமாக இருந்த மனிதனுடைய ஸ்தானத்தில் அவனுடைய விரலை நிறுத்தியதுதான் இந்த ஏற்பாடு. ஒருவருடைய ரேகையைப் போலி செய்தவன் அவருடைய கைப்பேசியையும் கைப்பற்றினாலொழிய இதில் வெல்ல முடியாது; ஆயிரம் பேரை ஒரே இரவில் வஞ்சிப்பதோ இன்னும் அரிது.

மற்றொரு வழி, ரேகையையே மத்தியக் காப்பகத்துக்கு அனுப்பி அங்கே ஒப்பிடுவது. ஆதார் சரிபார்ப்பு அப்படிப்பட்டது. பதிவு செய்யப்பட்ட கருவிகளே ரேகையைச் சங்கேதமாக்கி அனுப்ப வேண்டும் என்று 2017-இலிருந்து விதித்ததும், வைக்கப்பட்டது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் முறையைப் பின்னர் புகுத்தியதும் வரவேற்கத்தக்கவையே. மறுமொழியாக ஆம், இல்லை என்பது மட்டுமே வருகிறது. எனினும் யாரோ ஒருவருடைய கடையில், யாரோ ஒருவருடைய கருவியில் விரலை வைக்கும் மனிதர், திரையில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை தடவை வைத்தோம், எதற்காக வைத்தோம் என்பதை அறியாமலே வைக்கிறார் என்ற உண்மை மாறுவதில்லை. புதிய சிம் கார்டுக்கு ஆதார் ரேகை என்ற வழக்கம் 2016 முதல் நாடெங்கும் பரவி, பழைய எண்களையும் ஆதாருடன் இணைத்தே தீர வேண்டும் என்ற உத்தரவு 2017-இல் பிறந்தபோது இந்தக் கவலை பலரைப் பிடித்தது. அந்தக் கட்டாய இணைப்பு செல்லாது என்று 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, சந்தாதாரர் தாமே விரும்பினால் ஆதாரைக் காட்டலாம் என்று வைத்தார்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமோ, அறிவிக்கப்படும் சேவைகளில் சந்தாதாரரை அங்க அடையாளத்தின் மூலமே நிறுவனம் அறிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறது. அந்த அடையாளம் எங்கே சேமிக்கப்படும், எத்தனை காலம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பவற்றைக் குறித்து நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள் சட்டம் நடைமுறைக்கு வரும் ஒவ்வொரு கட்டத்திலும் உயிருடன் இருக்க வேண்டும்.

கைரேகையும் கம்பியில்லா வலைப்பின்னலும் சாதாரண ஜனங்களின் வாழ்வில் சந்திக்கும் இடங்களில் முக்கியமானது நம் ரேஷன் கடை. தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல், கடையின் பி.ஓ.எஸ். இயந்திரத்தில் ரேகை வைத்தே பொருள் வாங்கும் முறை நடைபெறுகிறது. அந்த வரிசையில் நின்றவர்கள், வயது முதிர்ந்த ஒரு தாய் கட்டைவிரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்தும், 'பாட்டி, ரேகை விழல, இன்னொரு விரலை வைங்க' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டும் இருப்பார்கள். சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் கல்லிலும் புழங்கும் கைகளில் ரேகையின் மேடுகள் தேய்ந்துபோகின்றன. முதுமையில் தோல் வறண்டு தளர்கிறது. கேப்சிடபின் என்ற புற்றுநோய் மருந்தை உட்கொள்வோர் சிலருக்கு விரல் நுனித் தோல் உரிந்து ரேகையே மறைந்துவிடுவதுண்டு. இத்துடன் சிக்னல் எட்டாத மலைக்கிராமங்களில், விரல் செவ்வையாக இருந்தும் விடை வராமல் நிற்கும் நேரங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் ரேகை தவறினால் எண்ணை அழுத்திக்கொள்கிறோம். கடையில் தவறினால் ஒரு குடும்பத்தின் மாதாந்தர அரிசி நின்றுவிடுகிறது. உழைத்துத் தேய்ந்த கையையே முதலில் மறுக்கும் ஒரு சோதனையை ஏழைகளுக்கான உணவின் வாசலில் நிறுத்தும்போது, மாற்று வழியை அந்தச் சோதனையின் ஓர் அங்கமாகவே அமைக்க வேண்டுமேயன்றி, கேட்டால் தரும் சலுகையாக வைத்திருக்கக் கூடாது.

அந்த மாற்று வழிகள் ஏட்டளவில் இருக்கவே செய்கின்றன என்பதால், ஒவ்வொருவரும் அவற்றை அறிந்திருப்பது அவசியம். ரேகை பொருந்தவில்லை என்பதற்காகவோ, சிக்னல் இல்லை என்பதற்காகவோ உரியவருக்கு உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு உத்தரவு அனுப்பியிருக்கிறது. கருவிழிப் பதிவுக் கருவி வந்துள்ள கடைகளில் அதைக் கேட்கலாம். பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லலாம்; கடைக்கு வர இயலாத முதியவரும் மாற்றுத் திறனாளியும் தமக்குப் பதிலாக வேறொருவரை நியமித்து மனுக் கொடுக்கலாம். ரேகைக் களவைப் பற்றி அஞ்சுவோர், ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ தம் ரேகையையும் கருவிழியையும் பூட்டி வைத்து, ரேஷனுக்கோ வங்கிக்கோ போகும் வேளையில் மட்டும் திறந்துகொள்ளலாம். பூட்டியிருக்கும் வரையில், ரப்பரில் வார்த்த விரலுக்கு அந்தக் காப்பகம் இணக்கமான விடை சொல்லாது. பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஆதாருடன் பதிவான கைப்பேசி எண் உபயோகத்தில் இருக்க வேண்டும். ஆதலால் எண்ணை மாற்றியவர்கள் முதற்காரியமாக ஆதார் சேவை மையத்துக்குச் சென்று புதிய எண்ணைப் பதிந்துகொள்வது நலம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதையெல்லாம் செய்துகொடுக்கும் பிள்ளைகள், பூட்டியதை அவர்களிடம் மறவாமல் சொல்லிவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் மாத ஆரம்பத்தில் கடை வாசலில் நிற்கும்போது, விரல் தேய்ந்ததால் ரேகை விழவில்லையா, பூட்டியிருப்பதால் விழவில்லையா என்பது அவர்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.